பூஜ்யம் எழுதுகிறவர்கள்

1

விற்கிற மீனுக்குக் கணக்கு உண்டு. காசிமேட்டில் விடியற்காலையில் கூடை இறங்கும்போதே ஏலம் கூவ ஒருவர், எடை பார்க்க ஒருவர், கொடுத்த கடனைக் கழித்துக்கொள்ள ஒருவர் என்று ஆட்கள் நிற்பார்கள். பணம் கைமாறுகிற இடத்தில் எண்ணும் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். அமெரிக்காவிலும் இதுதான் நிலைமை. தொழில்முறை மீனவர் பிடித்ததை வியாபாரி வாங்கும்போது ஒரு ரசீது உருவாகிறது. அந்த ரசீதுகளைக் கூட்டினால் ஒரு வருடத்தில் எத்தனை டன் மீன் கரைக்கு வந்தது என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோக்குக்காகத் தூண்டில் போடுகிறவருக்கு ரசீது கிடையாது. பிடித்ததில் ஒன்றைக் குழம்பு வைப்பார், ஒன்றைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுப்பார், நாலைத் திரும்பக் கடலில் விடுவார். பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லும்போது மீனின் நீளம் ஒரு சாண் கூடியிருக்கும். இதையெல்லாம் யார் எண்ணுவது?

தூண்டில்காரர் பிடிப்பது கடலுக்கு ஒரு பொருட்டா என்று தோன்றலாம். 2004-ல் ஃபெலிசியா கோல்மன் தலைமையில் ஒரு குழு 'சயன்ஸ்' இதழில் வெளியிட்ட கட்டுரை இதற்குப் பதில் சொன்னது. அமெரிக்கக் கடல்களில் கரைக்கு வரும் மொத்த மீனில் பொழுதுபோக்குக்காரர்களின் பங்கு 4 சதவீதம்தான். ஆனால் கவலைக்குரிய மீன் வகைகளை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால் அது 23 சதவீதம். மெக்சிகோ வளைகுடாவில் 64 சதவீதம். தூண்டில் தனித்தனியாகப் பார்க்கும்போது சிறியது. பல லட்சம் தூண்டில்கள் ஒரே வகை மீனை, அதுவும் பெரிய மீனாகப் பார்த்துத் தேடும்போது அது ஒரு கப்பற்படை.

ஆகவே எண்ணித்தான் ஆகவேண்டும். அதற்காக அமெரிக்கா கிட்டத்தட்ட அறுபது, எழுபது வருடங்களாக எடுத்துவரும் முயற்சியின் கதைதான் இந்தக் கட்டுரை. ராட்சத இயந்திரமோ செயற்கைக்கோளோ இதில் பெரிய பாத்திரம் வகிக்கவில்லை. படகுத்துறையில் கையில் அளவுப்பலகையும் தராசுமாக நிற்கும் ஒரு மனிதர்தான் இதன் நாயகர்.

2

முதலில் மிக எளிதான வழியைத்தான் முயன்றார்கள்: ஆட்களையே கேட்டுவிடுவது. 1960, 1965, 1970 ஆகிய ஆண்டுகளில் உப்புநீர்த் தூண்டில்காரர்கள் பற்றித் தேசிய அளவில் கணக்கெடுப்புகள் நடந்தன. கேள்வி, போன வருடம் முழுக்க நீங்கள் எத்தனை மீன் பிடித்தீர்கள் என்பது.

போன மாதம் நீங்கள் எத்தனை டீ குடித்தீர்கள்? சொல்லமுடியாது இல்லையா. ஒரு வருடத்து மீன் நினைவில் நிற்குமா? நிற்கும், ஆனால் நிற்பதெல்லாம் நல்ல நாட்கள். வெறுங்கையோடு வந்த பதினைந்து ஞாயிற்றுக்கிழமைகள் கரைந்துபோய், கூடை நிறைந்த மூன்று நாட்கள் மட்டும் பளிச்சென்று இருக்கும். அந்தக் கணக்கெடுப்புகளின் எண்கள் மிகைப்பட்டவை என்ற முடிவுக்குப் பின்னாளில் வந்துசேர்ந்தார்கள்.

1976-ல் மேக்னசன் சட்டம் வந்தது. கரையிலிருந்து 200 கடல் மைல் வரையிலான மீன்வளத்தை நிர்வகிக்கும் பொறுப்பை அது மத்திய அரசின் கையில் கொடுத்தது. நிர்வகிக்க எண் வேண்டும். 1979-ல் கடல் பொழுதுபோக்கு மீன்பிடிப்புக்கான புள்ளிவிவரக் கணக்கெடுப்பு தொடங்கியது. அதை வடிவமைத்தவர்கள் புத்திசாலித்தனமாக ஒன்று செய்தார்கள். ஒரே கேள்வியை இரண்டாக உடைத்தார்கள்.

எத்தனை முறை மீன்பிடிக்கப் போனீர்கள் என்பது ஒரு கேள்வி. இதைக் கடலோர மாவட்டங்களில் இருக்கிற வீடுகளுக்குத் தொலைபேசி போட்டுக் கேட்டார்கள். ஒரு வருடத்துக்குப் பதில் கடந்த இரண்டு மாதங்களைப் பற்றி மட்டும். ஒரு முறை போனால் என்ன கிடைக்கிறது என்பது இன்னொரு கேள்வி. இதை நினைவிடம் கேட்கவில்லை, மீனிடமே கேட்டார்கள். அதாவது துறைக்கு ஆள் அனுப்பி, கரையேறுகிறவர்களை நிறுத்தி, பெட்டியைத் திறந்து பார்த்தார்கள். பிறகு முதல் எண்ணை இரண்டாவதால் பெருக்கினால் மொத்தப் பிடிப்பு. பள்ளிக்கூடக் கணக்குதான்.

அந்த இரண்டாவது எண் தயாராவதை ஒருமுறை நேரில் பார்த்திருக்கிறேன். வேலை விஷயமாகச் சில மாதங்கள் நியூ ஜெர்சியில் இருந்தேன். கூட வேலை பார்த்த தூத்துக்குடிக்காரர் ஒருவர், என்னைவிட எட்டு வயது மூத்தவர், அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன், விடுமுறை நாளில் என்னையும் இழுத்துக்கொண்டு கடலுக்குள் நீளும் பாலத்துக்குத் தூண்டிலோடு போவார். ஒரு மத்தியானம் நாங்கள் எல்லாவற்றையும் சுருட்டிக்கொண்டு கிளம்பும்போது ஓர் இளம்பெண் வந்து அடையாள அட்டையைக் காட்டினாள். அரசுக் கணக்கெடுப்பு, சில நிமிடங்கள் ஒதுக்கமுடியுமா, விருப்பமில்லை என்றால் பரவாயில்லை என்றாள்.

அண்ணாச்சி என் பக்கம் திரும்பி, "தம்பி, லைசென்ஸ் கேக்காளோ?" என்றார். அவள் லைசென்ஸ் கேட்கவில்லை. எத்தனை மணி நேரம் தூண்டில் போட்டீர்கள், எந்த மீனைக் குறிவைத்தீர்கள், எந்த மாவட்டத்தில் வசிக்கிறீர்கள், கடந்த இரண்டு மாதத்தில் எத்தனை நாள் வந்தீர்கள் என்று வரிசையாகக் கேட்டாள். கடைசியில், கொண்டுபோகும் மீனை அளக்கலாமா?

"ஒண்ணும் மாட்டலன்னு எழுதிக்கச் சொல்லு" என்றார் அண்ணாச்சி. திரும்பக் கடலில் விட்டது ஏதாவது உண்டா என்று அடுத்த கேள்வி வந்தது. உண்டு, சின்னதாக ரெண்டு. என்ன மீன்? அண்ணாச்சிக்குத் தமிழ்ப்பெயர்தான் வாயில் வந்தது, நம்மூர் நாக்கு மீன் மாதிரி தட்டையாக இருந்தது என்றார். அவள் பொறுமையாகப் படங்களைக் காட்டி அது எது என்று உறுதிசெய்துகொண்டாள். நன்றி சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்த்துப் போனாள்.

காரில் ஏறியபிறகும் அண்ணாச்சிக்கு ஆறவில்லை. "ஒண்ணும் பிடிக்காதவன்கிட்ட இவ்வளவு நேரம் எதுக்கு? பக்கத்துல அந்தாளு பெட்டி நிறைய வச்சிருந்தான், அவன்கிட்ட போகவேண்டியதுதானே?"

அண்ணாச்சி கேட்டது நியாயமான கேள்வி. இந்தக் கணக்கெடுப்பு வாங்கிய மிகப் பெரிய அடிக்கும் அந்தக் கேள்விக்கும் நேரடித் தொடர்பு உண்டு.

3

அதற்கு முன் அந்தப் பெண்ணின் வேலையைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். கணக்கெடுப்பாளர் பிடிப்பை மூன்றாகப் பிரித்து எழுதுகிறார். கண்ணால் பார்த்து, அளந்து, எடைபோட்ட மீன் முதல் வகை. பிடித்தது உண்மை, ஆனால் காட்டமுடியாது, அறுத்துத் துண்டுபோட்டாகிவிட்டது, இரையாகப் போட்டாகிவிட்டது, செத்த நிலையில் தூக்கியெறிந்தாகிவிட்டது என்றால் இரண்டாம் வகை. உயிரோடு திரும்ப விட்டது மூன்றாம் வகை. முதல் வகைக்குச் சாட்சி மீன். மற்ற இரண்டுக்கும் சாட்சி மனிதரின் வாய்மொழி மட்டும்.

மீனின் நீளத்தை வாய் நுனியிலிருந்து வால் பிளவுபடும் கவட்டை வரை மில்லிமீட்டரில் அளக்கவேண்டும். வால் நுனி ஒடிந்திருந்தாலும் அளவு மாறக்கூடாது என்பதால் கவட்டை. எடை கிலோகிராமில். கடல் நீர் சொட்டும் பெட்டிக்குள் கைவிட்டு, ஒன்றுபோலவே இருக்கும் இரண்டு வகைகளைத் துடுப்பின் முள்ளையோ பல்லையோ பார்த்துப் பிரித்து எழுதவேண்டும். மீன்காரருக்கு வீட்டுக்குப் போகும் அவசரம். ஐஸ் உருகிக்கொண்டிருக்கும்.

இன்னொன்று முக்கியம். கணக்கெடுப்பாளர் போலீஸ் இல்லை. சட்டம் சொல்லும் அளவுக்குக் குட்டையான மீன் பெட்டிக்குள் கிடந்தால் அதையும் அளந்து எழுதிக்கொண்டு நன்றி சொல்லிவிட்டு நகரவேண்டும். அபராதம் போடுவதும் காட்டிக்கொடுப்பதும் அவர் வேலை இல்லை. ஒருமுறை காட்டிக்கொடுத்தால் அந்தத் துறையில் அடுத்த பெட்டி திறக்காது. உண்மையைச் சொல்கிறவருக்குத் தண்டனை இல்லை என்ற உத்தரவாதத்தின் மேல்தான் மொத்தக் கட்டடமும் நிற்கிறது.

ஆனால் மீன்காரர்கள் கண்ணுக்கு அவர் அரசாங்கத்தின் ஆள். போன வருடம் சீசனைச் சுருக்கியது யாரோ, எந்த ஊரிலோ கூடிய ஏதோ ஒரு குழு. அந்தக் குழுவை யாரும் பார்த்ததில்லை. பார்க்கக் கிடைப்பது பலகையோடு நிற்கும் இவரைத்தான். திட்டு விழுவதும் இவருக்குத்தான்.

4

எந்தத் துறைக்குப் போவது என்பது தொடக்கத்திலிருந்தே சீட்டுக் குலுக்கல் போன்ற முறையில்தான் முடிவானது. கூட்டம் அதிகம் வரும் துறைக்குச் சீட்டு விழ வாய்ப்பு அதிகம் என்று வைத்திருந்தார்கள். இதில் தவறில்லை. அதிக வாய்ப்புக் கொடுத்த துறையின் எண்ணுக்குக் கடைசியில் கணக்குப் போடும்போது எடையைக் குறைத்துவிட்டால் சரியாகிவிடும்.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. சீட்டு விழுந்த துறைக்குக் கணக்கெடுப்பாளர் போகிறார். ஆளே இல்லை. காக்கை மட்டும் இருக்கிறது. பழைய முறையில் அவர் பக்கத்தில் இருக்கும் வேறு துறைக்கு மாறிக்கொள்ளலாம். நேர்காணல்களின் எண்ணிக்கையைக் கூட்டுவதே அப்போது நோக்கமாக இருந்ததால், இது விதிமீறலும் அல்ல. ஆளில்லாத இடத்தில் அரசாங்கச் சம்பளத்துக்குச் சும்மா உட்கார்ந்திருப்பதைவிட, கூட்டம் இருக்கும் இடத்துக்குப் போய் நாலு பேரைப் பார்ப்பதுதானே பொறுப்பான செயல்? நானும் நீங்களும் அதைத்தான் செய்வோம்.

ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். ஒரு கரையில் பத்துத் துறைகள். இரண்டு பரபரப்பானவை, ஒவ்வொன்றுக்கும் 50 பேர் வருகிறார்கள், ஆளுக்கு 3 மீன் பிடிக்கிறார்கள். மீதி எட்டும் அமைதியானவை, ஒவ்வொன்றுக்கும் 10 பேர், ஆளுக்கு 1 மீன். மொத்தம் 180 பேர், 380 மீன். இப்போது கணக்கெடுப்பாளர் அமைதியான துறைகளிலிருந்து ஒவ்வொரு முறையும் பரபரப்பான துறைக்கு நகர்ந்துவிடுகிறார் என்று வையுங்கள். அவர் தாளில் ஆளுக்கு 3 மீன் என்று இருக்கும். தொலைபேசியில் வந்த 180 பயணங்களால் பெருக்கினால் 540. உண்மையைவிட நாற்பது சதவீதத்துக்கும் மேல் அதிகம். யாரும் பொய் சொல்லவில்லை. எழுதிய ஒவ்வொரு வரியும் உண்மை. ஆனால் கூட்டுத்தொகை தவறு.

இது எப்போதும் அதிகமாகத்தான் காட்டும் என்றும் இல்லை. கூட்டம் நெருக்கும் துறையில் தலைக்குக் கிடைக்கும் மீன் குறைவாகவும், யாருக்கும் தெரியாத மூலையில் அதிகமாகவும் இருந்தால் தவறு எதிர்த்திசையில் போகும். எந்தத் திசையில், எவ்வளவு என்று சொல்லமுடியாததுதான் பெரிய தலைவலி. 2006-ல் அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சில் இந்த முறையை அலசி வெளியிட்ட அறிக்கை கடுமையாக இருந்தது. தொலைபேசிப் பக்கமும் ஓட்டை, துறைப் பக்கமும் ஓட்டை, களத்தில் மாதிரி எடுத்த விதத்துக்கும் பிறகு கணக்குப் போட்ட விதத்துக்கும் பொருத்தமில்லை, அடியிலிருந்து மாற்றுங்கள் என்றது. 2007 ஜனவரியில் கையெழுத்தான சட்டத்திருத்தம் இதை அரசின் கடமையாக்கியது.

நான் மென்பொருள்காரன். எங்கள் தொழிலில் இந்த வியாதிக்கு ஒரு தினசரி வடிவம் உண்டு. ஒரு சர்வரிலிருந்து காலையிலிருந்து ஒரு பிழைச்செய்தியும் வரவில்லை. பிழையே நடக்கவில்லையா, அல்லது செய்தி அனுப்பக்கூட முடியாமல் சர்வர் செத்துக்கிடக்கிறதா? திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். பூஜ்யம் வேறு, வெற்றிடம் வேறு என்பது நிரலாளர்களுக்கு முதல் வருடத்திலேயே உறைக்கும் பாடம். பூஜ்யம் என்றால் பார்த்தேன், இல்லை என்று பொருள். வெற்றிடம் என்றால் பார்க்கவேயில்லை. பழைய கணக்கெடுப்பாளர் வேறு துறைக்கு நகர்ந்தபோது ஒரு பூஜ்யம் வெற்றிடமாக மாறியது. ஆயிரம் துறைகளில் முப்பது வருடம் அப்படி மாறினால் என்னவாகும்?

2013-ல் புதிய முறை களத்துக்கு வந்தது. நாளை ஆறு மணி நேரத் துண்டுகளாகப் பிரித்தார்கள். இரவுக்கும் இடம் கொடுத்தார்கள், ஏனென்றால் இரவில் பிடிக்கிறவர்கள் வேறு ஆட்கள், பிடிக்கும் மீனும் வேறு. எந்தத் துறை, எந்த ஆறு மணி நேரம் என்பது குலுக்கலில் விழும். கூட்டம் இருக்கிறதா இல்லையா என்று பார்த்துக் கணக்கெடுப்பாளர் தன் இஷ்டத்துக்கு நகரமுடியாது. யாரும் வரவில்லை என்றால் யாரும் வரவில்லை என்பதே அன்றைய தரவு. அதை எழுதத்தான் அவர் அங்கே இருக்கிறார்.

அண்ணாச்சியின் கேள்விக்கு இதுதான் பதில். பெட்டி நிறைந்தவரை மட்டும் தேடிப்போனால் கடல் நிறைந்திருப்பதாகத் தோன்றும்.

5

பொறுப்பான களப்பணியாளரின் நல்லெண்ணம் எண்ணைக் கெடுக்கும் என்பதை நம் ஊரில் இதற்கு வெகுகாலம் முன்பே கண்டுபிடித்திருந்தார்கள். 1930களின் பிற்பகுதியில் வங்காளத்தில் சணல் விளைச்சலைக் கணக்கிடப் புறப்பட்ட மகலனோபிஸ், ஒரே பகுதிக்கு ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு அணிகளை அனுப்பி இருவரின் எண்களையும் ஒப்பிடும் முறையைக் கொண்டுவந்தார். மாதிரியில் வரும் பிழையைவிட மனிதரிடமிருந்து வரும் பிழை பெரிதாக இருக்கலாம் என்ற சந்தேகம் அதற்குப் பின்னால் இருந்தது.

சுகாத்மே இன்னும் நுணுக்கமான ஒன்றைக் காட்டினார். வயலில் சிறிய பாத்தி ஒன்றை அளந்து அதற்குள் இருக்கும் பயிரை அறுத்து எடைபோட்டால், விளைச்சல் உண்மையைவிட அதிகமாக வருகிறது. காரணம் என்ன? எல்லைக்கோட்டின் மேலேயே நிற்கும் செடியை உள்ளே சேர்ப்பதா வெளியே விடுவதா என்று வரும்போது கை தன்னையறியாமல் அதை உள்ளே இழுத்துவிடுகிறது. பாத்தி சிறிதாக இருக்க இருக்க, பரப்போடு ஒப்பிட எல்லையின் பங்கு கூடும், பிழையும் கூடும். வெறும் துறையிலிருந்து நகர்ந்த கணக்கெடுப்பாளரும் எல்லைச் செடியை உள்ளே இழுத்த அறுவடைக்காரரும் ஒரே குணத்தின் இரண்டு முகங்கள்.

அதே சுகாத்மே, பான்சே, சாஸ்திரி ஆகிய இருவருடன் சேர்ந்து 1958-ல் 'பயோமெட்ரிக்ஸ்' இதழில் இந்தியக் கடல்மீன் பிடிப்பை மாதிரிக் கணக்கெடுப்பின் மூலம் மதிப்பிடுவது பற்றி எழுதினார். அந்தக் காலத்தில் இந்தத் துறையின் தலைமையகம் நம் மண்டபத்தில் இருந்தது. 1947-ல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் கொச்சிக்கு இடம்மாறும்வரை பல ஆண்டுகள் மண்டபம் முகாமிலிருந்தே இயங்கியது. அவர்கள் வகுத்துக்கொண்ட முறைப்படி, தேர்ந்தெடுக்கப்பட்ட துறைக்குப் போகும் களப்பணியாளர் முதல்நாள் நண்பகல் 12 மணியிலிருந்து மாலை 6 வரையும், மறுநாள் காலை 6 மணியிலிருந்து நண்பகல் வரையும் கரையில் நின்று படகுகளைக் கவனிப்பார். இடைப்பட்ட இரவில் வந்ததை விசாரித்து எழுதிக்கொள்வார். மொத்தப் படகுகள் இத்தனை, நான் பார்த்தவை இத்தனை என்று இரண்டையும் குறிப்பது அவர் கடமை.

அது பிழைப்புக்காகப் பிடிக்கும் மீன், இது பொழுதுபோக்கு மீன். ஆனால் ராமேசுவரம் கரையில் நின்ற அந்தப் பணியாளரும் நியூ ஜெர்சிப் பாலத்தில் எங்களை நிறுத்திய பெண்ணும் ஒரே குலம் என்று எனக்குத் தோன்றுகிறது.

6

எண் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு மெக்சிகோ வளைகுடாவில் ரெட் ஸ்னாப்பர் என்ற மீனின் கதை இருக்கிறது. நம் சந்தையில் சங்கரா என்று விற்கும் செந்நிற மீன்களை நினைவூட்டும், ஆனால் இன்னும் பெரிதாக வளரும். அளவுக்கு மீறிப் பிடித்துத் தேய்ந்துபோன இந்த இனத்தை மீட்கக் கடுமையான ஒதுக்கீடு வந்தது. தொழில் மீனவருக்கு 51 சதவீதம், பொழுதுபோக்குக்காரருக்கு 49. தொழில் பக்கத்தில் 2007-லிருந்து ஆளாளுக்குப் பங்கு பிரித்துக் கொடுத்துவிட்டார்கள், ரசீதும் உண்டு. பொழுதுபோக்குப் பக்கத்தில் இருந்த முக்கியமான பிரேக், நாட்களைக் குறைப்பது.

மீட்பு வேலைசெய்தது. மீன் பெருகியது, பெரிதாகவும் ஆனது. பெருகியதால் ஒதுக்கீடு சீக்கிரமே தீர்ந்தது. ஆகவே நாட்கள் இன்னும் குறைந்தன. 2014-ல் பொழுதுபோக்குத் தரப்பு அதன் ஒதுக்கீட்டைத் தாண்டுவதை அரசு தடுக்கத் தவறியது என்று தொழில் மீனவர்கள் தொடுத்த வழக்கில் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. அந்த வருடம் மத்திய அரசின் கடற்பகுதியில் தனியார் படகுகளுக்குச் சீசன் 9 நாள். 2017-ல் 3 நாள்.

மூன்று நாள். வருடம் முழுக்கச் சேமித்துப் படகு வாங்கியவர், கண்ணெதிரே மீன் துள்ளுவதைப் பார்த்துக்கொண்டு, அரசு சொல்லும் எண்ணை எப்படி நம்புவார்? அந்த மூன்று நாளில் புயலடித்தால் அந்த வருடமே முடிந்தது. அரசியல் அழுத்தம் ஏறி, வர்த்தகத் துறை அந்தக் கோடையில் மேலும் 39 நாட்களைச் சேர்த்துக்கொடுத்தது. இதற்குள் மாநிலங்கள் தாங்களே எண்ணத் தொடங்கியிருந்தன. லூசியானா 2014-ல் தனிக் கணக்கெடுப்பைத் தொடங்கியது. அலபாமா அதே ஆண்டு, பிடித்த ரெட் ஸ்னாப்பரைப் படகோட்டிகளே பதிவு செய்யவேண்டும் என்று விதித்தது. அலபாமாவின் எண் மத்திய அரசின் எண்ணில் ஏறக்குறைய பாதிதான் வந்தது. ஒரே கடல், ஒரே மீன், இரண்டு கணக்கு. இடையில் வழக்கறிஞர்கள்.

இன்னொரு பக்கம், கடலில் உண்மையில் எத்தனை இருக்கின்றன என்று நேரடியாகவே எண்ணிவிட நாடாளுமன்றம் பணம் ஒதுக்கியது. 2020-ல் வெளியான அதன் முதல் முடிவு சுமார் 11 கோடி மீன் என்றது, முன்பு நினைத்ததைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு. அப்படியானால் தடையை எடுத்துவிடலாமா? அதுவும் அவ்வளவு எளிதல்ல. கூடுதலாகக் கண்டுபிடித்ததில் பெரும்பகுதி பவளப்பாறையும் எண்ணெய்த் தளமும் இல்லாத வெறும் கடல்தரையில் சிதறிக்கிடந்தது. தூண்டில்கள் தேடிப்போவதோ பாறைகளையும் தளங்களையும்.

திரும்ப விட்ட மீன் என்று அண்ணாச்சி சாதாரணமாகச் சொன்ன வகைக்கு இங்கே கனம் கூடுகிறது. ஆழத்திலிருந்து சடாரென்று மேலே இழுக்கும்போது மீனின் காற்றுப்பையில் உள்ள வாயு விரிந்து, வயிறு வாய்வழியே பிதுங்கும். மனமிரங்கித் திரும்ப விட்டாலும் பல மிதந்தபடியே சாகும். யாரும் தின்னாத, யாரும் அளக்காத அந்த மீனும் கணக்கில் வரவேண்டும். அதற்கான முக்கிய ஆதாரம் கரையில் கேட்ட கேள்விக்குக் கிடைத்த வாய்மொழிப் பதில்.

7

பெருக்கலின் மறுபாதியும் ஆடிப்போய்த்தான் இருந்தது. வீட்டுத் தொலைபேசிகள் மறைந்து, அழைப்பை எடுப்பவர்களும் குறைந்தபிறகு, எத்தனை முறை கடலுக்குப் போனீர்கள் என்ற கேள்வியைத் தபாலில் அனுப்பும் முறைக்கு மாறினார்கள். மூன்று வருடம் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு 2018-ல் தொலைபேசியை முழுதாகக் கைவிட்டார்கள். தபாலில் வந்த பயண எண்ணிக்கை தொலைபேசியில் வந்ததைப்போலப் பல மடங்கு, அதுவும் கரையிலிருந்து தூண்டில் போடுபவர்கள் விஷயத்தில் இன்னும் அதிகம். 1981 வரை பின்னோக்கிப் போய் எல்லா வருடங்களின் எண்ணையும் புதிய அளவுக்குத் திருத்தினார்கள். அந்தத் திருத்திய எண்களை உள்ளே போட்டு மதிப்பிட்டபோது அட்லாண்டிக் கரையின் செல்லப்பிள்ளையான கோடிட்ட பாஸ் மீன் இனம் அளவுக்கு மீறித் தேய்ந்திருப்பதாக முடிவு வந்தது.

பிறகு 2023-ல் அடுத்த செய்தி. தபால் படிவத்தில் கேள்விகளின் வரிசையை மாற்றி ஒரு சோதனை செய்து பார்த்தார்கள். இரண்டு மாதத்தைப் பற்றி முதலில் கேட்காமல், பன்னிரண்டு மாதத்தைப் பற்றி முதலில் கேட்டார்கள். விடை பொதுவாக 30 முதல் 40 சதவீதம் வரை குறைந்தது. முதலில் இரண்டு மாதத்தைக் கேட்டால், நான் மீன்பிடிக்கிறவன் ஐயா என்று சொல்லிவிடும் ஆசையில் மற்ற மாதத்துப் பயணங்களையும் அதற்குள் சேர்த்துவிடுகிறார்கள். எல்லைக்கோட்டில் நிற்கும் செடி, மறுபடியும்.

இதையெல்லாம் படித்துக்கொண்டு வந்தபோது எனக்கு முதலில் சலிப்புத்தான் வந்தது. எண்ணும் முறை மாறும்போதெல்லாம் எண் மாறுகிறது, இதை வைத்தா ஒருவரின் பிழைப்பையும் இன்னொருவரின் ஞாயிற்றுக்கிழமையையும் தீர்மானிப்பது? அலபாமாக்காரரின் கோபம் எனக்குப் புரிகிறது. அதை அறியாமை என்று தள்ளமுடியாது.

ஆனால் இன்னொன்றும் கண்ணில் பட்டது. கணக்குப் போடும் வழி தவறு என்று 2006-ல் தெரிந்தபிறகு, 2012 தொடக்கத்தில் முந்தைய பல ஆண்டுகளின் பிடிப்பை மறுபடி கணக்கிட்டு வெளியிட்டார்கள். சில மீன்களுக்கு ஏறியது, சிலவற்றுக்கு இறங்கியது. அது எப்படிச் சாத்தியமானது? எந்தத் துறை, எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, யார் என்ன சொன்னார், எத்தனை மில்லிமீட்டர் என்று ஒவ்வொரு வரியும் அப்படியே எழுதி வைக்கப்பட்டிருந்தது. சூத்திரம் பழுதாகியிருந்தது, வரிகள் பழுதாகவில்லை. புதிய சூத்திரத்தைப் பழைய வரிகளின்மேல் ஓட்டமுடிந்தது.

நாங்கள் எழுதும் மென்பொருள் அதிகம் போனால் ஏழெட்டு வருடம் ஓடும், பிறகு யாரோ வந்து எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக எழுதுவார்கள். தரவு மட்டும் அடுத்ததற்குப் போகும். மீன் கணக்கிலும் அப்படித்தான். தொலைபேசி போனது, தபால் வந்தது, தபாலும் ஒருநாள் போகும். 1981-ல் ஒரு துறையில் நின்று ஒருவர் எழுதிய நீளம் இன்றைய கணிப்பொறிக்குள்ளும் ஓடிக்கொண்டிருக்கிறது. யாருடைய சூத்திரத்தை நம்புவது என்று நீதிமன்றத்தில் சண்டை போடுபவர்கள் இருதரப்பும் கடைசியில் அந்த வரிகளைத்தான் கையில் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள்.

ஒரு பொய்யான நேர்காணலைத் திருத்த எந்தச் சூத்திரமும் கிடையாது. குளிர் தாங்காமல் இரண்டு மணி நேரம் முன்னதாகக் கிளம்பிவிட்டு, ஆறு மணி நேரமும் இருந்ததாக எழுதிய தாளை எந்த நிபுணர் குழுவும் கண்டுபிடிக்காது. நவம்பர் மாதத்து இரவு, கடற்காற்று, துறையில் ஒரு விளக்குகூடச் சரியாக எரியவில்லை, வரப்போவது யாருமில்லை என்று நன்றாகத் தெரியும். கார் சாவி பையில்தான் இருக்கிறது, கேட்பாரும் இல்லை. விடிந்ததும் பூஜ்யம் என்று எழுதவேண்டும், அதை எழுதும் உரிமைக்காகக் கடைசி நிமிடம்வரை அங்கேயே இருக்கவேண்டும். இருக்கிறார்கள். கடலில் எத்தனை மீன் என்பது பற்றி நமக்குத் தெரிந்த கொஞ்சமும் அவர்கள் இருந்ததால் தெரிந்தது.